மூன்று தரம் கடல் கடந்த புத்தகம்

பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடம். சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் பள்ளிக்கூடத்துச் சேலையை மினுக்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அசையாமல் நின்ற காற்று திடீரென்று வாடைப் பக்கம் திரும்பியது. துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல் கதவு இரண்டு முறை சுவரில் அடித்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

மூதூரிலிருந்து பயணிகளை ஏற்றும் இயந்திரப் படகு, லோஞ்ச், புறப்படுவது இரண்டரைக்கு. மூன்று இருபதுக்கு அது கொட்டியாரக் குடாவின் நடுவில் நிற்கும். அதில் என் மகள் வசந்தி இருந்தாள்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டு ஜன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். மலைகள் சுற்றி நின்று காக்கும் தண்ணீர் அது. மாரியிலும் பெரிதாக அலை எழும்பாது. அன்று அந்தத் தண்ணீரே கறுத்துச் சுருங்கியது. இங்கே இப்படி என்றால் வெளியே குடாவில் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே சேலையின் மற்றப் பக்கத்தையும் புரட்டி மினுக்கினேன்.

வசந்திக்கு அப்போது பதினேழு வயது. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். அவளை மூதூருக்கு அனுப்பியது நான். அலுமாரியில் இரண்டு வருடமாகக் கிடந்த ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக.

எத்தனை புத்தகம்?

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி போன வாரம் கேட்டிருந்தார்: எழுத்தாளராக வேண்டுமென்றால் எத்தனை புத்தகம் வாசித்திருக்க வேண்டும்? மலைநாட்டில் படிப்பிக்கும் ஆசிரியை அவர். அழகான கையெழுத்து.

பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு வந்தது அந்த மூன்று இருபதுதான். அதனால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

உண்மையில் நான் வாசித்த புத்தகங்கள் குறைவு. எனக்கும் என் சிநேகிதிக்கும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு அலுமாரித் தட்டு நிரம்பாது. இந்தியாவிலிருந்து புத்தகங்கள் வருவது அருகிப்போன வருடங்கள் அவை. கையில் கிடைத்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். வறுமைதான் எங்களுக்கு அந்தப் பழக்கத்தைத் தந்தது. பிறகு அதில்தான் ருசி இருக்கிறது என்று கண்டுகொண்டோம்.

லோஞ்சில் போன புத்தகங்கள்

சிநேகிதியின் பெயர் ஜெமீலா. மூதூர்க்காரி. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரே விடுதியில், ஒரே அறையில் இருந்தோம். பிறகு அவள் மூதூரில் படிப்பிக்கப் போனாள். நான் கல்யாணம் முடித்துத் திருகோணமலையில் தங்கினேன். இடையில் ஒரு குடாக் கடல்.

அந்தக் காலத்தில் லோஞ்சில் ஆட்கள் மட்டும் போய்வருவதில்லை. மருந்து, வெற்றிலை, கல்யாணக் கடிதம், தைத்த சட்டை எல்லாம் போகும். பொதியில் பெயரை எழுதி, பயணிகளுக்கு ரிக்கற் கொடுப்பவரின் கையில் கொடுத்தால் போதும். அக்கரையில் உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். எங்கள் புத்தகங்களும் அப்படித்தான் போயின. எண்ணெய்ச் சீலையில் சுற்றி, நூலால் கட்டி.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. ஜெமீலாதான் போட்டாள். ஒரு புத்தகம் மூன்று தரம் அங்கும் இங்கும் போய்வர வேண்டும். ஒவ்வொரு தரமும் வாசித்து முடித்தவர், கடைசி வெற்றுத் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுத வேண்டும். மூன்றாம் தரம் முடியும் வரை அதைப்பற்றி ஒரு கதையும் கதைக்கக் கூடாது. சந்தித்தாலும் கூடாது.

அவள் அனுப்பிய புத்தகத்தை விரித்தால் மூதூர் மணல் உதிரும். ஒரு முறை நெத்தலிக் கருவாட்டு மணத்தோடு ஒரு நாவல் வந்தது. என் கணவர், "இது வாசிக்கவோ, குழம்பு வைக்கவோ?" என்று கேட்டார். மழைக் காலத்தில் தாள்கள் ஈரத்தில் கனத்து, புரட்டும்போது துணி போல் சத்தம் போடும். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திவிட்டு, அடுப்பில் சோறு கொதிக்கும் இடைவெளியில் குசினி வாசலில் இருந்து பத்துப் பக்கம் வாசிப்பேன். முடிவு தெரிந்த புத்தகத்தை வாசிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அவசரம் இல்லை. நூறாம் பக்கத்தில் சாகப் போகிறவர் நாற்பதாம் பக்கத்தில் தேநீர் ஆற்றிக் குடிக்கிறார். முதல் தரம் அந்த இடத்தைத் தாண்டி ஓடியிருப்போம். இரண்டாம் தரம் அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்கலாம்.

தீப்பெட்டி

அட்டையும் முதல் எட்டுத் தாளும் போன ஒரு நாவல். யார் எழுதியது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அதில் ஒரு தகப்பன் தன் மகளுக்கு வந்த கடிதத்தை எரித்துவிடுகிறான்.

முதல் தரம் வாசித்தபோது அவனைச் சபித்தேன். கடைசித் தாளில் நான் எழுதியது: "பாவி."

இரண்டாம் தரம், எரிப்பதற்கு முந்திய பக்கத்தில் நின்றேன். அவன் குசினிக்குப் போகிறான். தன் வீட்டில் தீப்பெட்டி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்கிறான். இருபது வருடம் வாழ்ந்த வீடு. அந்த ஒரு கேள்வியில் எழுத்தாளர் அவன் யாரென்று சொல்லிவிட்டார். நான் முதல் தரம் அதைக் காணவே இல்லை.

மூன்றாம் தரம் மனைவியைக் கண்டேன். அவள் தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்கிறாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எழுத்தாளர் எங்கும் எழுதவில்லை. கேட்கவில்லை என்று மட்டும்தான் இருக்கிறது.

புத்தகம் மூதூருக்குப் போய்த் திரும்பியபோது ஜெமீலாவின் மூன்றாவது வரி இப்படி இருந்தது: "எடுத்துக் கொடுத்தவளும் எரித்தவள்தான்."

சட்டையை உட்புறம் புரட்டிப் பார்த்தால்தான் தையல் தெரியும். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் அப்படிப் புரட்டிப் பார்த்துக் கற்றதுதான். ஆனால் மற்றவர்களின் சட்டையை மட்டும் புரட்டினேன்.

நான் எழுதிய தாய்

ஜெமீலாவுக்கு ஒரு தம்பி இருந்தான். மீன்பிடிக்கப் போனவன் ஒரு மாரியில் திரும்பி வரவில்லை. பயிற்சிக் காலத்தில், விடுதி அறையில் இருந்து, இரண்டு மூன்று வாக்கியங்களில் அதை எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

பல வருடங்கள் கழித்து நான் ஒரு சிறுகதை எழுதினேன். கடலுக்குப் போன மகன். கரையில் தாய். பெயர்களை மாற்றினேன், ஊரை மாற்றினேன். தாய் தலைவிரி கோலமாகக் கரையில் ஓடுகிறாள், மார்பில் அடிக்கிறாள், அலையைப் பார்த்துச் சாபம் போடுகிறாள். கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகை அதைப் போட்டது. அழுதோம் என்று கடிதங்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் அதிபர் எழுந்து நின்று பாராட்டினார்.

அந்த இதழை நான் ஜெமீலாவுக்கு அனுப்பினேன். எங்கள் விதிப்படியே. பின்பக்க ஓரத்தில் அவள் முதல் தரம் எழுதினாள்: "அழுதேன்." இரண்டாம் தரம்: "கடல் சரியாக இருக்கிறது."

மூன்றாம் தரம் வந்த வரி நீளம். "எங்கட உம்மா கத்தயில்லை. மீன் கழுவிக்கொண்டு நிண்டவ. சொன்னதைக் கேட்டிட்டு, மிச்ச மீனையும் கழுவி முடிச்சவ."

எனக்கு முகம் சுட்டது. இன்று சொல்கிறேன், சுட்டது வெட்கத்தில். அன்று அதைக் கோபம் என்று நினைத்தேன். "இது உன் உம்மாவின் கதை அல்ல. கடலைப் பற்றி நீ சொல், கேட்கிறேன். கதை எழுதுவது எனக்குத் தெரியும்" என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பதில் வரவில்லை. அப்போது அவளுடைய ஒரு தடித்த நாவல் என்னிடம் இருந்தது. இரண்டாம் தரம் வந்து நின்றது. அதை நான் வாசிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இரண்டு மாரி போய்விட்டது.

பிறகு ஒரு நாள் அலுமாரி துடைக்கும்போது அது கையில் பட்டது. திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது. நானே போயிருக்க வேண்டும். சனிக்கிழமை, விடுமுறை, கடலும் காலையில் கண்ணாடி போல் கிடந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. கொப்பி திருத்த இருக்கிறது என்று வசந்தியிடம் சொன்னேன். வேறு பொதியைப் போல ரிக்கற்காரரிடம் கொடுத்துவிடலாமே என்று அவள் கேட்டாள். அது மரியாதை இல்லை என்றேன். என் மரியாதையைக் காப்பாற்ற என் பிள்ளையை அனுப்பினேன்.

ஜெட்டி

நாலு மணிக்கு நான் ஜெட்டியில் நின்றேன். என்னைப் போல் இன்னும் இருபது பேர் வரை நின்றார்கள். மூதூர்ப் பக்கத்து ஆட்களும் கிண்ணியா ஆட்களும்தான் அதிகம். எல்லோரும் குடாப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் லோஞ்ச் புறப்பட்டிருக்காது என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வர இருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

துறைமுகத்து வேலைத்தலத்தில் வேலை செய்த என் கணவர் செய்தி கேட்டு வந்தார். மூதூருக்கு ரெலிபோன் எடுக்கப் போனார். கம்பி அறுந்திருந்தது. தரை வழியாகப் போவதென்றால் ஆற்றுத் துறைகளில் மிதவைப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். முந்திய நாட்களின் மழை வெள்ளத்தில் அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஆறு மணிக்குச் சற்று முன் லோஞ்ச் வந்தது. மேலே கட்டியிருந்த படங்கு பாதி கிழிந்து தொங்கியது. இயந்திரம் நடுக் குடாவில் நின்றுபோய், திரும்பப் பிடித்ததாம். ரிக்கற் கொடுப்பவரை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அலை அடித்ததில் தலை மோதி நினைவில்லாமல் இருந்தார். அவரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். லோஞ்ச் புறப்பட்டிருக்காது என்று சொன்னவரின் மனைவி இறங்கினாள். அவர் அவளைத் திட்டத் தொடங்கினார். கடைசி ஆள் இறங்கினார். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை.

சுக்கான் பிடிக்கிறவர் என்னைத் தெரிந்தவர். உடல் முழுக்க நனைந்து நின்றார். கையில் ஒரு பொதி.

"ரீச்சர், இது ஆக்கள் இருக்கிற வாங்கில கிடந்திச்சு. உங்கட பேர் போட்டிருக்கு."

எண்ணெய்ச் சீலை. உள்ளே இருப்பது எதுவென்று கனத்திலேயே தெரிந்தது. காலையில் நான் கட்டிக் கொடுத்த அதே புத்தகம். ஆனால் நான் நூலால் கட்டினேன். இப்போது அதைச் சுற்றியிருந்தது வசந்தியின் தலை ரிபன்.

என் பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"நீலச் சட்டை போட்ட பொம்புளப் புள்ள ஒண்டு மூதூர்ல ஏறினது கண்டன். பொறகு நான் கடலைத்தான் பாத்தன், ரீச்சர். ஆக்களப் பாக்கல்ல."

பொதி

என் கணவர் துறைமுக அதிகாரிகளின் கந்தோருக்கு ஓடினார். இருட்டில் இனிப் படகு விட ஏலாது, விடியத் தேடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் பொதியோடு வீட்டுக்கு வந்து, அதை மேசையில் வைத்தேன்.

அவர் வந்து அதைப் பார்த்தார். "அவிட்டுப் பாப்பம்" என்றார்.

"வேண்டாம்."

"ஏனப்பா?"

"அதைத் தொடாதேங்கோ."

ரிபனை அவள் கட்டியிருந்தாள். அந்த முடிச்சு இருக்கும் வரை அவளுடைய கை அதில் இருந்தது. அவிழ்த்துவிட்டால் அது அவள் விட்டுப்போன பொருளாகிவிடும். இப்படியெல்லாம் அப்போது வாக்கியமாக யோசிக்கவில்லை. வேண்டாம் என்பது மட்டும்தான் இருந்தது.

நான் கத்தவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பாதியில் விட்ட சேலையை மினுக்கி முடித்தேன். பெட்டியில் இன்னும் சூடு இருக்கிறதே என்று வசந்தியின் சட்டை ஒன்றையும் மினுக்கினேன். மூன்று பேருக்கு அரிசி போட்டேன். போட்டதைக் கண்டேன், குறைக்கவில்லை. அயலவர் வந்து பார்த்துவிட்டு, நான் தைரியமான பெண் என்று வாசலில் சொன்னது கேட்டது. தைரியமா அது? கை ஒரு வேலையைத் தொடங்கியிருந்தது. அது முடிந்தால் அடுத்த நிமிடம் வரும். அந்த நிமிடத்தில் எதுவும் இல்லை. அதனால் கை வேலையை விடவில்லை.

ஜெமீலாவின் உம்மா ஏன் மிச்ச மீனையும் கழுவினார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

சோறு வடித்தபின் அலுமாரியைத் திறந்து என் கதை வந்த இதழை எடுத்தேன். அச்சில் வந்தபின் அதை நான் ஒரு தரம்கூட வாசித்ததில்லை. மற்றவர்களின் கதைகளை மூன்று தரம் வாசித்தவள் நான். நின்றபடியே வாசித்தேன். என் தாய் கரையில் ஓடினாள். அவளுடைய கால் எதிலும் தடுக்கவில்லை. அவளுக்கு வீடு இல்லை, அடுப்பு இல்லை, நனைந்த துணி இல்லை. நான் அவளுக்கு மகனைக் கொடுத்ததே அவனைப் பறித்து வாசகரை அழவைக்கத்தான். பக்கத்தின் ஓரத்தில் பென்சில் வரிகள் மூன்றும் இருந்தன. அவைதான் அந்தப் பக்கத்தில் உண்மையாக இருந்தன.

அந்தக் கதையை இன்றுவரை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை. கேட்ட பதிப்பாளருக்குக் கைப்பிரதி தொலைந்துவிட்டது என்று சொன்னேன்.

காலை

விடிந்தபின் தேடப் போன படகில் என் கணவரும் ஏறிப் போனார். மழை விட்டிருந்தது. நான் தெருப் படலைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் நின்றேன்.

ஒன்பது மணி இருக்கும். கீழே சந்தியில் ஒரு விறகு லொறி நின்றது. இரண்டு பேர் இறங்கி மேட்டில் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் ஜெமீலா. முழங்கால் வரை சேறு. முக்காடு நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் நீளக்கை வைத்த, தனக்குப் பெரிதான ஒரு சட்டையோடு வசந்தி.

நான் வசந்தியின் தோளைப் பிடித்தேன். கழுத்தைப் பிடித்தேன். என்ன கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. சாப்பிட்டனியோ என்று கேட்டதாக அவள் சொல்கிறாள்.

அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெமீலா ரீச்சர் புத்தகத்தை வாங்கவில்லை. மூன்றாம் தரம் இன்னும் வாசிக்கவில்லைத்தானே, திருப்பிக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடு என்றாராம். லோஞ்சில் ஏற்றியும் விட்டாராம். பிறகு ஜெட்டியில் நின்று வெளிக்கடலைப் பார்த்தவர், உள்ளே வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டாராம்.

"எல்லாரும் பாத்தவை அம்மா. எனக்கு வெக்கமாப் போச்சு. லோஞ்ச் எங்களை விட்டிட்டு வெளிக்கிட்டிட்டுது. விடியத்தான் மிதவைப் பாதை விட்டவை, அதில கடந்து வந்தனாங்கள்." பிறகு, நான் இன்னும் அவளை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்து, "ஏன் அம்மா, பொதி கிடைக்கயில்லையோ? ரிக்கற்காரரிட்டச் சொல்லித்தானே குடுத்தவ" என்றாள்.

ஜெமீலா ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். மேசைக்கு முன்னால் நின்றாள். கட்டு அவிழ்க்காத பொதியைப் பார்த்தாள். அந்த வீட்டில் இரவு எப்படிப் போயிருக்கும் என்பது அவளுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். அவள் முகம் மாறியது. ரிபனை அவிழ்த்தாள். சீலையை விரித்து, புத்தகத்தின் கடைசித் தாளைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

என் பழைய வரிகளும் அவளுடைய பழைய வரிகளும் மேலே இருந்தன. அவற்றுக்குக் கீழே, அவசரத்தில் சரிந்த எழுத்தில், புதிதாக: "வசந்தி என்னோடு நிற்கிறாள். கடல் சரியில்லை, விடமாட்டேன். பாதை திறந்ததும் நானே கூட்டி வருவேன். பயப்படாதே."

நான் அதை வாசித்தேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரை வராதது அப்போது வந்தது. வசந்தி பயந்து தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினாள்.

ஜெமீலா சேற்றுக் காலோடு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். என் முழங்காலில் கையை வைத்தாள்.

"எழுதி அனுப்பினாப் போதும் எண்டு நெனச்சிட்டன், சரசு," என்றாள். "நேத்து மட்டுமில்ல. உன்ட கதையைப் பத்தி எழுதின அண்டைக்கும். நான் வந்து சொல்லியிருக்கோணும்."